குத்துனான்னா கத்தியாலயா, கையாலயா? க்ரிமினல் ஜஸ்டிஸ் படிக்கிற ஒரு தங்கச்சிக்கு பதில்

தங்கச்சி, நீ கேட்டத ரெண்டு தடவ படிச்சேன். மதுரைல எட்டாவது வரைக்கும் படிச்சுட்டு அப்பா வேலைக்காக தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்து, இங்க மெட்ரிக் (பன்னெண்டாவது) முடிச்சு இப்ப க்ரிமினல் ஜஸ்டிஸ் முதல் வருஷம். சாட்சி ஸ்டேட்மென்ட் எழுதுற அசைன்மென்ட்ல 100க்கு 47, ஓரத்துல லெக்சரர் சிவப்பு பேனால "இதுல நீ பார்த்தது எது?"ன்னு மட்டும் எழுதிட்டு விட்டுட்டார், அதனால எந்த வொகாபுலரி லிஸ்ட்ட மனப்பாடம் பண்ணணும், எந்த கிராமர் புக் வாங்கணும்னு கேக்குற.

லிஸ்ட்டும் வேணாம் புக்கும் வேணாம், அந்த ரேண்ட வச்சு ஒரு பன்னி சௌ (பிரட்ட குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்தித் தர்ற டர்பன் சாப்பாடு) வாங்கி சாப்பிடு. நான் தென்காசிப் பக்கத்துலருந்து கல்யாணமாகி இங்க வந்து 18 வருஷமாச்சு, ஒரு அட்டர்னி ஆஃபீஸ்ல ஒன்பது வருஷம் அஃபிடவிட் (சத்தியம் பண்ணிக் குடுக்குற வாக்குமூலம்) டைப் பண்ணியே விரல் தேஞ்சுபோச்சு, இப்ப டர்பன் சாட்ஸ்வொர்த்ல வீட்ல வச்சு போலீஸ் பரீட்சைக்கும் க்ரிமினாலஜிக்கும் படிக்கிற பிள்ளைங்களுக்கு எழுத சொல்லிக்குடுக்கறேன். நான் பார்த்த வரைக்கும் நம்ம வீட்டு பிள்ளைங்க இங்கிலீஷ் தெரியாம மார்க் விடறதில்ல. தமிழ் பிரிச்சுச் சொல்ற சில விஷயத்த இங்கிலீஷ் பிரிக்காது, இங்கிலீஷ் பிரிக்கிற சில விஷயத்த தமிழ் பிரிக்காது, ரெண்டும் ஒட்டுற அந்த இடத்துலதான் ஒழுகுது.

முதல்ல "குத்துனான்"னு ஒரு வார்த்தைய எடுத்துக்கோ. தமிழ்ல கத்தியால குத்துனாலும் குத்துதான், கை முஷ்டியால குத்துனாலும் குத்துதான், கேக்குறவன் முகத்தப் பார்த்தே புரிஞ்சுக்குவான். இங்கிலீஷ்ல கத்தின்னா ஸ்டாப் (stab), கைன்னா பஞ்ச். ரெண்டும் வேற கேஸ். வெறும் பஞ்ச்னா பெரும்பாலும் காமன் அசால்ட்டோட (சாதாரணத் தாக்குதல்) நின்னுடும், ஸ்டாப்னா ஜி.பி.எச் (கடுமையா காயப்படுத்துற நோக்கத்தோட தாக்குறது), இல்ல அட்டெம்டட் மர்டர் வரைக்கும் போகும். எங்கிட்ட படிச்ச ஒரு பையன் பாட்டி சொன்னத கேட்டு ப்ராக்டிஸ் ஸ்டேட்மென்ட் எழுதினான், பாட்டி "வயித்துல குத்திட்டான்யா"ன்னாங்க, இவன் ஸ்டாப்ட்னு எழுதிட்டான், பாட்டி பார்த்தது கைக்குத்து. "அடிச்சான்"னும் அப்படித்தான், ஸ்லாப்பா, பஞ்சா, கட்டையால அடிச்சதா, பெல்ட்டாலயா, தமிழ் ஒரே வார்த்தைல எல்லாத்தயும் மூடிடும். அதனால நீ பண்ண வேண்டியது ஒண்ணுதான், கைகால் சம்பந்தப்பட்ட வினைச்சொல் எது வந்தாலும் எதால, எங்க, எத்தன தடவன்னு மூணு கேள்வி கேளு. இங்கிலீஷ் வார்த்தை தானா வந்து உக்காரும்.

"ஒத்துக்கிட்டான்" இத விட மோசம். தமிழ்ல "ஆமா நான் அங்க இருந்தேன்"னு சொன்னாலும் ஒத்துக்கிட்டான், "ஆமா நான்தான் கொன்னேன்"னு சொன்னாலும் ஒத்துக்கிட்டான். இங்க முதலாவது அட்மிஷன், ரெண்டாவது கன்ஃபெஷன், 1977ல வந்த க்ரிமினல் ப்ரொசீஜர் ஆக்ட்ல ரெண்டுக்கும் தனித்தனி செக்‌ஷன், கன்ஃபெஷனுக்கு 217, அட்மிஷனுக்கு 219ஏ. கன்ஃபெஷன சாதாரண கான்ஸ்டபிள்கிட்ட குடுத்திருந்தா அத மாஜிஸ்ட்ரேட்டோ ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்ங்கிற அதிகாரியோ முன்னாடி உறுதி பண்ணி எழுதணும், இல்லன்னா கோர்ட் ஏத்துக்காது. ஆக நீ கட்டுரைல "கன்ஃபெஸ்ட்"னு அலட்சியமா எழுதினா சட்டம் தெரிஞ்ச லெக்சரர் பேனாவ கீழ வச்சிட்டு உன்ன ஒரு மாதிரி பார்ப்பார். தெஃப்ட், ராபரி, ஹவுஸ்பிரேக்கிங் கதையும் இதேதான். ஆள் இல்லாத வீட்ட உடைச்சு டிவிய தூக்கிட்டு போனா இங்க எல்லாரும் "வீ காட் ராப்ட்"னுதான் சொல்லுவாங்க, ஆனா ராபரின்னா ஆள மிரட்டியோ அடிச்சோ எடுக்கணும், இது ஹவுஸ்பிரேக்கிங்கும் தெஃப்ட்டும். சஸ்பெக்ட் (சந்தேகப்படுற ஆள்), அரெஸ்டட் (கைதானவன்), டீடெய்ன்ட் (காவல்ல வச்சிருக்கிறவன்), அக்யூஸ்ட் (குற்றம் சாட்டப்பட்டவன்) நாலயும் மாத்தி மாத்தி போடாத, அழகுக்காக வேற வேற வார்த்தை போடச் சொல்லி ஸ்கூல்ல பழக்குனாங்கல்ல, அத இங்க மறந்துடு. அரசியல் சட்டம் செக்‌ஷன் 35லயே அரெஸ்டட், டீடெய்ன்ட், அக்யூஸ்ட் மூணு பேருக்கும் தனித்தனியா உரிமை எழுதிருக்கு, 48 மணி நேரத்துக்குள்ள கோர்ட்டுக்கு கொண்டு வரணும்ங்கிறது அரெஸ்ட் ஆனவனுக்கு, புரியற பாஷைல விசாரணை இல்லன்னா மொழிபெயர்ப்புங்கிறது அக்யூஸ்டுக்கு. ஒரே ஆளுக்கு ஒரு பேரு வச்சா கடைசி வரைக்கும் அந்தப் பேருதான்.

இப்ப தமிழ் நமக்கு உதவி பண்ற இடத்துக்கு வரேன், இத எந்த கிராமர் புக்லயும் பார்க்க மாட்ட. நம்ம "ஆம்" இருக்கே, வந்தானாம், எடுத்தானாம், ஓடிட்டானாம், அதத்தான் சொல்றேன். அந்த ஒரு எழுத்து ஒட்டுனா "நான் பார்க்கல, யாரோ சொன்னாங்க"ன்னு அர்த்தம், மூணு வயசுக் குழந்தை கூட சரியா போடும். இங்கிலீஷ்ல அப்படி ஒரு ஒட்டே கிடையாது. நீ மனசுக்குள்ள "ஃபோன எடுத்துட்டு ஓடிட்டானாம்"னு நினைச்சு "ஹீ டுக் த ஃபோன் அண்ட் ரேன்"னு எழுதுற, அந்த "ஆம்" வழிலயே எங்கயோ உதிர்ந்துபோச்சு, படிக்கிறவனுக்கு நீ கண்ணால பார்த்த மாதிரி ஆயிடுச்சு. இதுக்குப் பேருதான் ஹியர்சே, 1988ல வந்த லா ஆஃப் எவிடன்ஸ் அமெண்ட்மென்ட் ஆக்ட் செக்‌ஷன் 3 இதப் பத்தித்தான், விதிவிலக்கு இருந்தாலும் பொதுவா கோர்ட் ஏத்துக்காது. உன் லெக்சரர் கேட்ட "நீ பார்த்தது எது" இதுதான். நான் பிள்ளைங்களுக்கு சொல்ற வேலை: எழுதி முடிச்சதும் ஒவ்வொரு வரியயும் தமிழ்ல சொல்லிப் பாரு, கடைசில "ஆம்" ஒட்டுனா உண்மைக்கு நெருக்கமா இருக்குதா? இருந்தா அந்த வரிக்கு முன்னாடி யார் சொன்னாங்க, எப்ப சொன்னாங்கன்னு எழுது. ஒட்டலன்னா அந்த வரிய அப்படியே விட்டுடு. இங்க பொறந்து வளர்ந்த பிள்ளைங்களுக்கு வீட்லயே இங்கிலீஷ், அவங்ககிட்ட இந்த சாமான் இல்ல, உங்கிட்ட இருக்கு.

இதே மாதிரி "நாம", "நாங்க". இங்கிலீஷ்காரன் ரெண்டயும் "வீ"ங்கிற ஒரே சாக்குல போட்டு கட்டிட்டான். "வீ வென்ட் டு த ஹவுஸ்"னா யாரு யாரு போனது? ஸ்டேட்மென்ட்ல "வீ" வந்தா முதல் தடவ பேரு சொல்லி எழுது. மாமா, அத்தைன்னு போடறதும் ஆபத்து, இந்த ஊர்ல எதிர் வீட்டு தாத்தாவும் அங்கிள்தான் பெட்ரோல் பங்க்ல நிக்கிறவரும் அங்கிள்தான், அதனால முழுப் பேரு, உனக்கு என்ன முறை, எத்தன வருஷமா தெரியும்னு ஒரு வரி.

ஆர்ட்டிகிள், அதான் "ஏ"யும் "த"வும், எல்லாரும் சின்ன விஷயம்னு நினைக்கிறாங்க, நம்ம பாஷைல அது இல்லவே இல்லல்ல. "ஐ சா த நைஃப்"னா ஒரு கத்தி இருந்துச்சுன்னு ஏற்கனவே முடிவாயிடுச்சுன்னு அர்த்தம், "ஏ நைஃப்"னா நான் பார்த்த ஒரு கத்தின்னு அர்த்தம். எலிசபெத் லாஃப்டஸ்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட், உன் சிலபஸ்லயே வருவாங்க, 1975ல இதயே சோதிச்சாங்க, ஆக்சிடென்ட் படம் காட்டிட்டு உடைஞ்ச ஹெட்லைட்ட பார்த்தியான்னு கேக்கும்போது "ஏ"வ எடுத்துட்டு "த" போட்டா, இல்லாத ஹெட்லைட்ட பார்த்தேன்னு சொல்றவங்க கூடிட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் பண்ணதுல கார் ரெண்டும் "ஸ்மாஷ்ட்" ஆகும்போது எவ்ளோ வேகம்னு கேட்டா சராசரியா மணிக்கு 40 மைலுக்கு கொஞ்சம் மேலன்னாங்க, "கான்டாக்டட்"னு கேட்டா 31.8, படம் ஒண்ணுதான் கேள்வில வினைச்சொல் மட்டும்தான் மாறுச்சு, இதே மாதிரி வேற ஆளுங்கள வச்சு பண்ண இன்னொரு சோதனைல, ஒரு வாரம் கழிச்சு கண்ணாடி உடைஞ்சு கிடந்துச்சான்னு கேட்டப்போ ஸ்மாஷ்ட் கேட்ட 50 பேர்ல 16 பேர் ஆமாங்கிறாங்க, ஹிட்னு கேட்ட 50ல 7 பேர். படத்துல கண்ணாடியே உடையல. நாளைக்கு நீயே ஒரு சாட்சிய உக்காரவச்சு கேள்வி கேக்கப்போறவ, உன் வாயிலருந்து வர்ற வினைச்சொல் அவங்க ஞாபகத்துக்குள்ள போய் உக்காரும்.

டென்ஸ்ல ஒண்ணே ஒண்ணுதான் நான் அடிச்சு சொல்லிக்குடுப்பேன். "போலீஸ் வந்தப்ப அவன் போனான்", "போலீஸ் வந்தப்ப அவன் போயிருந்தான்". முதல்ல போலீஸ பார்த்து கிளம்புறான், ரெண்டாவதுல போலீஸ் வர்றதுக்கு முன்னாடியே ஆள் இல்ல. முதலாவது "லெஃப்ட்", ரெண்டாவது "ஹேட் லெஃப்ட்", அவ்ளோதான். போயிருந்தான், சாப்பிட்டிருந்தான், பூட்டியிருந்துச்சுன்னு தமிழ்ல "இருந்து" வர்ற இடத்துல இங்கிலீஷ்ல "ஹேட்" வருமான்னு யோசி, பாதிக்கு மேல சரியா வரும்.

இன்னொண்ணு இருக்கு, இது கொலைக்கும் கொலை இல்லாததுக்கும் நடுவுல நிக்கிற கிராமர். ஓட்டப்பந்தய வீரன் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் கேஸ் உனக்குத் தெரியும். 2013 பிப்ரவரி 14 அன்னிக்கு டாய்லெட் கதவு வழியா அவன் சுட்டதுல அவனோட காதலி ரீவா ஸ்டீன்காம்ப் செத்துப்போனாங்க. 2014ல ஜட்ஜ் மசிபா கல்பபிள் ஹோமிசைட்னு சொல்லி அஞ்சு வருஷம் குடுத்தாங்க, 2015 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஆஃப் அப்பீல் அத மர்டர்னு மாத்துச்சு, தண்டனைக்கும் இழுபறி நடந்து 2017ல 13 வருஷம் 5 மாசம்னு முடிஞ்சுது. நடந்தது மாறல, துப்பாக்கி மாறல. கதவுக்குப் பின்னாடி இருக்கிற ஆள் சாகலாம்னு அவனுக்கு "தெரிஞ்சிருக்கணும்"னா அது கவனக்குறைவு, கல்பபிள் ஹோமிசைட். சாகலாம்னு அவனுக்கு "தெரிஞ்சே இருந்துச்சு", இருந்தும் ஆனது ஆகட்டும்னு சுட்டான்னா டோலஸ் இவென்ச்சுவாலிஸ், மர்டர். "ஷுட் ஹேவ் ஃபோர்சீன்" (should have foreseen) ஒண்ணு, "ஃபோர்சா" (foresaw) இன்னொண்ணு. எங்கிட்ட வர்ற பிள்ளைங்க இந்த ரெண்டயும் ஒரே பாராவுல கலந்து எழுதிட்டு நான் சரியாத்தானே எழுதினேன்னு சண்டைக்கு வருவாங்க. ஷுட் (should), மஸ்ட் மாதிரி மோடல் வெர்ப்ப ஸ்கூல்ல போர் அடிக்க அடிக்க படிச்சிருப்ப, அது எதுக்குன்னு இப்ப தெரியுதா.

பெரிய வார்த்தை ஆசை. உன் அசைன்மென்ட்டோட முதல் வரிலயே "ஐ வாஸ் ப்ரொசீடிங்" இருந்துச்சு, படிச்சதும் சிரிப்பு வந்துச்சு கோவிச்சுக்காத. ஏன் வேணாங்கிறேன்னா, இங்க அஃபிடவிட்ல கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி கமிஷனர் ஆஃப் ஓத்ஸ், அதாவது சத்தியம் வாங்குற அதிகாரி, மூணு கேள்வி கேக்கணும், 1972லருந்து அதே விதிதான்: இதுல எழுதியிருக்கிறது உனக்கு தெரியுமா புரியுதா, சத்தியம் பண்றதுல ஆட்சேபணை இருக்கா, இந்த சத்தியம் உன் மனசாட்சிய கட்டுப்படுத்தும்னு நினைக்கிறியா. ஒரு தடவ ஆஃபீஸ் வேலையா ஒரு கோர்ட்ல உக்காந்திருந்தேன், ஊர் பேரு வேணாம், சாட்சிக் கூண்டுல எழுபது வயசு இருக்கும் ஒரு அம்மா. அவங்க ஸ்டேட்மென்ட்ல "அண்ட் சப்சீக்வென்ட்லி ஐ ப்ரொசீடட் டு த ரியர் ஆஃப் த ப்ரெமிசஸ்"னு (அதுக்கப்புறம் பின்பக்கம் போனேன்னு அர்த்தம்) இருந்துச்சு. எதிர்த்தரப்பு வக்கீல் ரொம்ப மரியாதையா "மா, வாட் இஸ் சப்சீக்வென்ட்லி?"ன்னு கேட்டார். அந்த அம்மா அவரையும் மாஜிஸ்ட்ரேட்டையும் மாறி மாறி பார்த்தாங்க. "நான் வீட்டுக்குப் பின்னால போனேன்யா"ன்னு இங்கிலீஷ்ல சொன்னாங்க. "அப்ப இது நீங்க சொன்னது இல்ல, போலீஸ் சொன்னதா?" முடிஞ்சுது. அந்த அம்மா ஒரு பொய் கூட சொல்லல, எழுதுனவன் ஸ்டைல் காட்டுனான், கூண்டுல நின்னு முழிச்சது அவங்க.

இதுல உயிரே போன கேஸ் ஒண்ணு இருக்கு, இங்கிலாந்துல. டெரெக் பென்ட்லி, 19 வயசு, சரியா எழுதப் படிக்கவே தெரியாத பையன், 1952 நவம்பர்ல க்ராய்டன்ல ஒரு கூரை மேல அவனோட கூட்டாளி க்ரெய்க் சுட்டு ஒரு கான்ஸ்டபிள் செத்துட்டார், க்ரெய்குக்கு 16 வயசுங்கிறதால தூக்கு கிடையாது, பென்ட்லிய 1953 ஜனவரி 28ல தூக்குல போட்டாங்க. ஸ்டேட்மென்ட் முழுக்க அவனே சொல்லச் சொல்ல எழுதினது, நாங்க கேள்வியே கேக்கலன்னு போலீஸ் சத்தியம் பண்ணாங்க. பின்னால மால்கம் கூல்டார்ட்னு ஒரு மொழியியல் பேராசிரியர் அந்த 582 வார்த்தைய எண்ணினார், அதுல "தென்" (then, அப்புறம்) 10 தடவ வருது, சாதாரண ஜனங்க பேசும்போது அவ்ளோ வராது, அதுவும் "தென் ஐ"ன்னு சொல்லாம "ஐ தென்"னு போலீஸ் நோட்டுல எழுதுற மாதிரி வருது. 1998ல அந்தத் தீர்ப்ப ரத்து பண்ணாங்க, 45 வருஷம் கழிச்சு. ஒரு சாட்சியோட வாய்லருந்து வராத வார்த்தைய நீ எழுதினா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

அதே சமயம் சாட்சி சொன்ன வார்த்தைய அப்படியே எழுதணும்னா இந்த ஊர் இங்கிலீஷ் தெரிஞ்சிருக்கணும். "ஹீ பாரோட் மீ ஹிஸ் ஃபோன்"னு இங்க ஒருத்தர் சொன்னா அவன் எனக்கு குடுத்தான்னு அர்த்தம், புக் இங்கிலீஷ்ல இப்படி ஒரு வாக்கியமே கிடையாது, திருட்டு கேஸ்ல யார் யாருக்கு குடுத்தாங்கிறதே தலைகீழா போயிடும். "த்ரூ மீ வித் அ ஸ்டோன்"னா என் மேல கல்ல எறிஞ்சான். "ஸ்டே"ன்னா குடியிருக்கிறது, ரெண்டு நாள் தங்குறது இல்ல. ரோபோன்னா சிக்னல், "ஜஸ்ட் நவ்"னா எப்ப வேணா. இந்த மாதிரி வார்த்தை வந்தா திருத்தாத, சாட்சி சொன்னத மேற்கோள் குறிக்குள்ள அப்படியே போட்டு அடுத்த வரில "நீங்க சொல்றது இதுதானே"ன்னு கேட்டு பதில எழுது.

கட்டுரை பத்தி சுருக்கமா. கேள்வில "டிஸ்டிங்விஷ்"னு இருந்தா ரெண்டயும் தனித்தனியா விளக்கி நிறுத்தாத, ஒரே சம்பவத்த எடுத்து எங்க பிரியுதுன்னு காட்டு. "டிஸ்கஸ்"னா ரெண்டு பக்கமும் சொல்லிட்டு உன் முடிவ சொல்லணும். "சின்ஸ் டைம் இம்மெமோரியல்"னு ஆரம்பிக்கிற பழக்கம் நம்ம ஊர் ஸ்கூல்லருந்து வர்றது, நிறுத்திடு. படிக்க, சாஃப்லி (SAFLII)ன்னு ஒரு வெப்சைட் இருக்கு, தென்னாப்பிரிக்கா தீர்ப்பெல்லாம் இலவசம். தீர்ப்பு முழுசும் வேணாம், வாரம் ஒண்ணு எடுத்து "என்ன நடந்தது"ங்கிற பகுதிய மட்டும் படி, ஜட்ஜ் எவ்ளோ சின்ன சின்ன வார்த்தைல எழுதுறாங்கன்னு பாரு, உனக்கே வெக்கமா இருக்கும்.

இப்ப உன் பாராவுக்கு வரேன். நீ எழுதினது தமிழ்ல சொன்னா இதுதான்: "நான் சாலையில் சென்றுகொண்டிருந்தபோது குடிபோதையில் இருந்த சந்தேக நபர் பாதிக்கப்பட்டவரைத் தாக்கி கைபேசியுடன் தப்பினார்." குடிபோதைங்கிறது உன் முடிவு, நீ எழுதின குறிப்புப்படி நீ பார்த்தது தள்ளாட்டமும் பிராந்தி வாசனையும். அப்ப அவன் சஸ்பெக்டும் இல்ல, யாரும் சந்தேகப்படல, நீல ஜெர்சி போட்ட ஒரு ஆள். தாக்கின்னா என்ன பண்ணான்? கைபேசி அவன் கைல இருந்தத நீ பார்த்தியா, இல்ல அந்த அக்கா அழுதுகிட்டே சொன்னாங்களா? நீயே எழுதின குறிப்புல "ஃபோன புடுங்கிட்டானாம்"னு இருக்கு பாரு, அந்த "ஆம்" எங்க போச்சு? தப்பினார்னா எந்தப் பக்கம்?

இப்படி மாத்திப் பாரு: வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுமார் ஆறு மணி, நான் கடைக்கு நடந்து போனேன், இன்னும் வெளிச்சம் இருந்தது. எனக்குப் பத்து மீட்டர் முன்னால நீல ஜெர்சி போட்ட ஒரு ஆள் ஒரு பெண்ணோட இடது தோள்ல ரெண்டு கையாலயும் தள்ளினதப் பார்த்தேன், அவங்க கீழ விழுந்தாங்க. அவன் ரோபோ இருக்கிற பக்கமா ஓடினான், அவன் கைல எதுவும் இருந்ததா நான் பார்க்கல. அந்தப் பெண் "என் ஃபோன எடுத்துட்டான்"னு எங்கிட்ட சொன்னாங்க. இத இங்கிலீஷ்ல எழுது, டிக்‌ஷனரி தேவைப்படுற வார்த்தை ஒண்ணு கூட வராது. எழுதிட்டு எனக்கு அனுப்பு, சனிக்கிழமை கிளாஸ் முடிஞ்சு பார்க்கறேன், தோள்ல தள்ளினதுக்கு எந்த வினைச்சொல் போடறன்னுதான் முதல்ல பார்ப்பேன்.